பெரிய தென்னையை இடம் மாற்றி நடுவது எப்படி? நாகைக் கொல்லைகளுக்கு முழுமையான வழிகாட்டி

வீட்டைக் கொஞ்சம் இழுத்துக் கட்டலாம் என்று கயிறு பிடித்துப் பார்த்தால், பதினைந்து வருடத் தென்னை அஸ்திவாரக் கோட்டின் மேலேயே நிற்கும். விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்கு வழிச்சாலை ஓரத்தில் இடம் போனவர்களுக்கும் இதே சிக்கல்தான். "வெட்டிப் போட்டுட்டு வேற கன்னு வைங்க சார்" என்று கொத்தனார் சுலபமாகச் சொல்லிவிடுவார். வெட்டாமலேயே, மரத்தை அப்படியே தூக்கி நாலு எட்டு தள்ளி நடலாம். தென்னைக்கு அது முடியும். அதற்கு இடமும் காலமும் கையில் கொஞ்சம் பணமும் வேண்டும்.

எங்கே தொடங்குவது, எவ்வளவு ஆகும், எதில் ஏமாறுவோம் என்பதை இந்த வழிகாட்டியில் வரிசையாகப் பார்த்துவிடுவோம். படத்தில் பார்த்த பியோனிப் பூவை மரத்தடியில் வளர்க்கலாமா என்று கேட்கிறவர்களும் பெருகிவிட்டார்கள். அதற்கும் கடைசியில் வருவோம்.

எந்த மரத்தை மாற்றலாம்?

சின்ன மரம் பிழைக்கும், பெரிய மரம் செத்துப்போகும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். பனைக் குடும்பத்தில் இது அப்படியே பொருந்தாது. தண்டு வெளியே தெரியாத, மட்டைகள் மட்டும் மண்ணிலிருந்து கிளம்பி நிற்கிற நான்கு வயதுக் கன்றைத் தோண்டினால் பெரும்பாலும் பட்டுப்போகும். புதிய வேர் விடுகிற அடித்தூர்ப் பகுதி அந்த வயதில் முழுதாக உருவாகியிருக்காது. நர்சரிப் பையில் வளரும் கன்றுக்கு இந்தக் கவலை இல்லை; அதன் வேர் அறுபடுவதே இல்லையே.

நமக்குத் தோதானது, தண்டு 5 அடியிலிருந்து 20 அடி வரை உள்ள மரம். அதற்கு மேல் போனால் மரம் பிழைக்காது என்பதில்லை. கிரேன் செலவும் ஆபத்தும் ஏறும், முட்டும் நிற்காது. 40 அடி மரத்தை மாற்ற வேண்டும் என்று யாராவது கேட்டால், வீட்டு வரைபடத்தை மாற்றச் சொல்வேன்.

உயரம் சரியாக இருந்தால் அடுத்தது உடல்நலம். தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரம் வரை தண்டைச் சுற்றிப் பாருங்கள். செம்பழுப்பு நிறத்தில் சாறு வடிந்து காய்ந்த தடம் இருந்தால் அது தஞ்சாவூர் வாடல் நோய். 1952 புயலுக்குப் பிறகு பழைய தஞ்சை மாவட்டத்துக் கடலோரத் தோப்புகளில் பரவலாகக் காணப்பட்டதால் இந்தப் பெயர். கேனோடெர்மா என்ற பூஞ்சைதான் காரணம். இது மண் வழியாகவும் பாசனத் தண்ணீர் வழியாகவும் பரவும். இந்த மரத்தை மாற்றினால் நோயையும் சேர்த்தே புதிய இடத்துக்குக் கொண்டுபோகிறோம். வேண்டாம்.

தண்டில் துளை, துளையில் மென்று துப்பிய நார் தெரிந்தால் சிவப்புக் கூன்வண்டு உள்ளே இருக்கிறது. அதுவும் வேண்டாம். மட்டை கொஞ்சம் வெளுத்திருப்பது, காய் குறைவு, லேசான சாய்வு இவையெல்லாம் தடையில்லை.

தென்னையால் ஏன் முடிகிறது?

மா, வேம்பு போன்ற மரங்களுக்கு ஆணிவேரும் அதிலிருந்து தடித்துப் பிரியும் பக்கவேர்களும் உண்டு. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடித்தூரிலிருந்து விரல் தடிமன்கூட இல்லாத வேர்கள் ஆயிரக்கணக்கில் கிளம்பும். நல்ல நடுவயது மரத்துக்கு 4,000 முதல் 7,000 வேர்கள் இருக்கும். சிலவற்றை வெட்டினாலும் தூர் புதிதாக விட்டுக்கொண்டே இருக்கும்.

புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராஷாட், டான்செல்மன் இருவரும் இதைத் தோண்டியே பார்த்து 1984-ல் எழுதினார்கள். தென்னையில் வெட்டுப்பட்ட வேர்களில் ஏறக்குறைய பாதி, எவ்வளவு நீளத்தில் வெட்டினாலும், பிழைத்துக் கிளைக்கிறது. ராயல் பாம் மரத்தில் வேரை எவ்வளவு நீளமாக விடுகிறோமோ அவ்வளவுக்குப் பிழைக்கிறது. அங்கே வளரும் சபால் பனையிலோ வெட்டிய வேர் ஏறக்குறைய எல்லாமே சாகிறது. தூரிலிருந்து முற்றிலும் புதுவேர் வந்தால்தான் உண்டு. ஆக, எல்லாப் பனைகளுக்கும் ஒரே விதி கிடையாது. நம் கொல்லையில் நிற்கிற தென்னை இந்த விஷயத்தில் மிகவும் ஒத்துழைக்கிற மரம்.

ஆனால் தென்னைக்குக் குருத்து ஒன்றுதான். அதில் அடிபட்டால் மரம் போயிற்று. தண்டில் ஏற்படும் காயமும் ஆறாது. மற்ற மரங்களைப்போல் பட்டை மூடி வளராது. ஆணி அடித்த ஓட்டை கடைசிவரை ஓட்டையாகவே இருக்கும். இனி நாம் செய்யப்போகும் பாதி வேலை இந்த இரண்டையும் காப்பாற்றுவதற்காகத்தான்.

எப்போது?

மண் சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் வேர் வேகமாக ஓடும். அப்படியானால் ஐப்பசி மழையில் நடலாமே என்று தோன்றும். நாகையில் அது பெரிய தவறு. வருட மழையில் பெரும்பகுதி இங்கே அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும், புயலும் அப்போதுதான் வரும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா, வருடக்கணக்கில் வேரூன்றி நின்ற தோப்புகளையே படுக்கப் போட்டது. போன மாதம் நட்ட மரம் எம்மாத்திரம்?

ஆகவே நமக்கு ஆடி, ஆவணி. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கத்துக்குள் நட்டுவிட்டால் வேர் பிடிக்க இரண்டு மூன்று மாதம் கிடைக்கும். தரையும் காய்ந்திருப்பதால் கிரேன் உள்ளே வர முடியும். மழை தொடங்கிய பிறகு கீழ்வேளூர், திருக்குவளைப் பக்கத்துக் களிமண்ணில் வண்டி இறங்கினால் அதை வெளியே எடுக்க இன்னொரு வண்டி வேண்டியிருக்கும்.

ஆடியை விட்டுவிட்டால் தை, மாசி இரண்டாவது வாய்ப்பு. வெயில் ஏறும்போது தண்ணீருக்கு மட்டும் உத்தரவாதம் வேண்டும். சித்திரை, வைகாசியில் தொட வேண்டாம்.

எவ்வளவு செலவு?

ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி வாடகை மாறும். ஒரே மனைக்குள் 15 அடி மரம் ஒன்றை மாற்ற, திட்டமிட்டுக்கொள்ள ஒரு கணக்கு இது.

ஜேசிபி மூன்று மணி நேரம், மணிக்கு 1,200 முதல் 1,500 ரூபாய் என்றால் 4,500 வரை. ஹைட்ரா கிரேன் மணிக்கணக்கில் வருவது அரிது. அரை நாள் வாடகையாகத்தான் கேட்பார்கள். 8,000 ஒதுக்குங்கள். மண்வெட்டி, கடப்பாரையோடு நான்கு ஆள், ஆளுக்கு 900 வைத்தால் 3,600. மட்டை கழிக்க மரமேறிக்கு 500. சவுக்குக் கம்பு, கயிறு, சாக்கு எல்லாம் சேர்த்து 2,000. கூட்டினால் 18,600. கைச்செலவோடு 20,000 என்று வைத்துக்கொள்வோம்.

வெளியிலிருந்து மரத்தைக் கொண்டுவருவதானால் டிரெய்லர் வாடகைக்கு இன்னொரு 4,000, 5,000 சேரும். இரண்டு மூன்று மரத்தை ஒரே நாளில் முடித்தால் கிரேன் வாடகை பகிர்ந்து போகும். பக்கத்து வீட்டிலும் இப்படி ஒரு மரம் நின்றால் பேசிப் பாருங்கள்.

ஒரு தென்னங்கன்று விலை ஓரிரு நூறு ரூபாய்தான். நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருடம் ஆகும். 20,000 ரூபாயில் நாம் வாங்குவது அந்த ஆறேழு வருடத்தை. அப்பா நட்ட மரமாக இருந்தால் அதைவிடவும் கூடுதலான ஒன்றை. வெறும் தேங்காய்க் கணக்குப் பார்த்தால் கன்றுதான் லாபம். இதை முதலிலேயே தெளிவாக வைத்துக்கொண்டு இறங்குவோம்.

முதல் வேலை: புதிய குழி

மரத்தைத் தோண்டுவதற்கு முன்பே குழி தயாராக இருக்க வேண்டும். மரத்தைத் தூக்கித் தொங்கவிட்டபடி குழி வெட்டுவது நடக்கிற காரியமில்லை.

இடம் பார்க்கும்போது மேலே நிமிர்ந்து பாருங்கள். மின்கம்பி போகிறதா? கிரேன் கை திரும்பும் வட்டத்துக்குள் கம்பி வந்தால் மின்வாரியத்தில் எழுதிக்கொடுத்து, வேலை நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். இதில் சமரசமே கூடாது. வீட்டுச் சுவரிலிருந்து 12 அடியாவது தள்ளி இருக்கட்டும். மற்ற தென்னைகளிலிருந்து 25 அடி தள்ளி நிற்பது நல்லது.

குழியின் அகலம் தாய்மண்ணைவிட, அதாவது மரத்தின் வேரோடு சேர்ந்து வரும் மண்கட்டியைவிட, இரண்டடி அதிகம். தாய்மண் 4 அடி அகலம் என்றால் குழி 6 அடி. ஆழம் தாய்மண்ணின் உயரத்துக்குச் சரியாக, ஒரு அங்குலமும் கூடாமல்.

வெட்டிய குழியில் மாலையில் தண்ணீர் நிரப்பிவிட்டுக் காலையில் வந்து பாருங்கள். வடிந்திருந்தால் நிம்மதி. வேதாரண்யம், வேளாங்கண்ணிப் பக்கத்து மணலில் வடிந்துவிடும். களியில் அப்படியே தேங்கி நின்றால் அந்தக் குழி ஐப்பசியில் குளமாகும். அந்த இடத்தில் சுற்றுப்புறத் தரையை ஒன்றரை அடி மேடாக்கி, மேட்டில் குழி எடுத்து நட வேண்டும். தண்ணீர் வெளியேற ஒரு வாய்க்காலும் வெட்டிவிடுங்கள்.

கடலோரத்தில் மண்ணையும் ஆழ்குழாய்த் தண்ணீரையும் பரிசோதிப்பது அவசியம். 2004 சுனாமிக்குப் பிறகு உப்பு ஏறிய நிலங்களை மழைதான் கழுவிக் கழுவி மீட்டது. கடலை ஒட்டிய பல இடங்களில் நிலத்தடி நீர் இன்றும் உவர்தான். வளர்ந்த தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும். வேர் அறுபட்ட தென்னை அந்த அளவு தாங்காது. அரசு மண் பரிசோதனை நிலையத்தில் சிறு கட்டணம்தான். சந்தேகம் இருந்தால் சிக்கலில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் போய்க் கேளுங்கள்.

தோண்டுவது

முந்தின நாளும் அதற்கு முந்தின நாளும் மரத்தடியில் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். ஈர மண்தான் வேரோடு ஒட்டி வரும். மணல் நிலத்தில் இது மிக முக்கியம்.

காலையில் மரமேறி முதலில் ஏறட்டும். தேங்காய், இளநீர், குரும்பை, பாளை எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும். இருக்கிற முப்பது சொச்சம் மட்டையில் கீழ்வரிசையிலிருந்து பாதிக்கு மேல் கழிக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு கழித்தாலும் தவறில்லை. வீட்டில் எல்லோருக்கும் மனசு கஷ்டப்படும், ஆனால் இலை வழியாகப் போகிற தண்ணீரைக் கொடுக்க இனி வேர் இல்லை. மிச்சமிருக்கும் மட்டைகளைக் குருத்தைச் சுற்றி மேல்நோக்கிச் சேர்த்துக் கயிற்றால் தளரக் கட்டுங்கள். இறுக்கினால் குருத்து முறியும்.

அடுத்து தண்டிலிருந்து இரண்டடி தள்ளி வட்டம் போடுங்கள். அந்த வட்டத்துக்கு வெளியேதான் ஜேசிபி வாளி இறங்க வேண்டும். ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அவருக்கு மரம் சாய்த்துத்தான் பழக்கம். ஒரு பக்கம் தோண்டி மறுபக்கம் தள்ளிச் சாய்ப்பதுதான் அவர் அறிந்த முறை. நமக்கு நாலு பக்கமும் அகழி மாதிரி 3 அடி ஆழம் வேண்டும். உள்பக்கத்தைக் கடப்பாரை, மண்வெட்டியால் ஆட்கள் செதுக்கட்டும். பிய்ந்து தொங்கும் வேர்களை அரிவாளால் சுத்தமாக வெட்டிவிடுங்கள்.

வட்டம் வெட்டி முடித்ததும் தாய்மண்ணைச் சுற்றி ஈரச் சாக்கைப் போர்த்தி, கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். அடிவேர்களை அறுப்பது கடைசி வேலை. அதற்கு முன் கிரேன் பெல்ட் மரத்தைப் பிடித்திருக்க வேண்டும். பெல்ட் இல்லாமல் அடியை அறுத்தால் மரம் எந்தப் பக்கம் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தூக்குவது

இந்தத் தாய்மண் எவ்வளவு கனம் என்று கணக்கிடுவோம். 4 அடி அகலம், 3 அடி ஆழம் உள்ள உருளையில் ஏறக்குறைய 38 கன அடி மண். ஈரக் களிமண்ணாக இருந்தால் இதுவே இரண்டு டன்னை நெருங்கும். மரத்தின் எடை அதற்கு மேல் அரை டன். மரத்தை மட்டும் பார்த்து, "ஜேசிபி வாளியிலேயே கட்டித் தூக்கிடலாம்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். சின்ன மரத்துக்கு அது சரி. 15 அடி மரத்துக்கு ஹைட்ரா வேண்டும்.

தண்டில் சாக்கை நாலு சுற்று சுற்றி, அதன்மேல் அகலமான நைலான் பெல்ட்டைப் போடுங்கள். இரும்புச் சங்கிலி, கம்பி வடம் வேண்டவே வேண்டாம். எடை முழுவதும் அடியில் இருப்பதால் பெல்ட்டின் ஒரு பிடி தாய்மண்ணுக்கும் அடியில் போக வேண்டும். குருத்துப் பக்கம் ஒரு கயிறு கட்டி, ஒரு ஆள் கீழிருந்து பிடித்துக்கொள்ளட்டும். மரம் ஆடாமல் இருக்கத்தான் அது, இழுப்பதற்கு இல்லை.

டிரெய்லரில் படுக்கவைத்துப் போவதானால் குருத்துக்குக் கீழே தண்டுக்கு முட்டுக்கொடுங்கள். தலை தொங்கி, பள்ளம் மேட்டில் குதித்தால் குருத்து உள்ளேயே முறிந்துவிடும். வெளியே எதுவும் தெரியாது. ஒரு மாதம் கழித்துத்தான் குருத்து சாயும். தாய்மண்ணும் மட்டையும் காயாமல் ஈரச்சாக்கும் படுதாவும் போட்டு மூடி, அன்றைக்கே நட்டுவிட வேண்டும்.

நடுவது: ஆழம்தான் உயிர்

பனைக் குடும்பத்துப் பெரிய மரங்கள் இடம் மாறிச் சாவதற்கு முக்கியமான காரணம் ஆழமாகப் புதைப்பது. உயரமான மரம் ஆடாமல் நிற்கட்டும் என்று இரண்டடி அதிகமாக இறக்கிவிடுவார்கள். தூர் மூச்சுவிட முடியாமல் மெல்ல மெல்ல அழுகும். முதல் வருடம் நன்றாகத்தான் இருக்கும். இரண்டாம் மூன்றாம் வருடத்தில் மட்டை சிறுத்து, வெளுத்து, ஒருநாள் சாய்ந்துவிடும். நோய் என்று நினைத்து மருந்து ஊற்றிக்கொண்டிருப்போம்.

பழைய இடத்தில் தரைமட்டம் தண்டில் எங்கே இருந்ததோ, அங்கே தோண்டுவதற்கு முன்பே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். புதிய இடத்திலும் அந்தக் கோடுதான் தரைமட்டம்.

கிழக்குப் பார்த்த பக்கம் கிழக்குப் பார்த்தே இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். செய்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை, கிரேன் சும்மா அரைச் சுற்று சுற்றினால் போதும்.

மரம் நிமிர்ந்து நின்றதும் வெட்டியெடுத்த அதே மண்ணை ஒரு சாண் உயரத்துக்குப் போட்டு, தண்ணீர் விட்டுக் கம்பால் குத்துங்கள். மறுபடி மண், மறுபடி தண்ணீர். உள்ளே வெற்றிடம் இல்லாமல் நிரம்ப இதுதான் வழி. குழியில் பச்சைச் சாணம், ரசாயன உரம், மட்கிய குப்பை எதையும் கொட்ட வேண்டாம். அறுபட்ட வேருக்கு இப்போது சாப்பாடு வேண்டாம், ஈரமும் காற்றும் போதும்.

முட்டுக் கொடுப்பது

நம் மாவட்டத்தில் சவுக்குக் கம்புக்குப் பஞ்சமில்லை. தண்டில் ஐந்தாறு அடி உயரத்தில் சாக்கைச் சுற்றுங்கள். அதன்மேல் இரண்டடி நீளமுள்ள ரீப்பர் கட்டைகள் நான்கைச் சுற்றிலும் நிறுத்தி, இரும்புப் பட்டையால் அல்லது கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். சவுக்குக் கம்புகளைச் சாய்த்து நிறுத்தி, மேல்முனையை அந்தக் கட்டைகளில் ஆணி அடியுங்கள். ஆணி கட்டையோடு நிற்க வேண்டும். ஒன்றுகூடத் தண்டைத் தொடக் கூடாது. தண்டில் ஆணி இறங்கினால் கூன்வண்டுக்கு நாமே வாசல் திறந்துவிட்டதாக ஆகும்.

கம்பின் கீழ்முனை தரையில் இரண்டடி புதைந்த முளையில் கட்டப்பட்டிருக்கட்டும். நாகையில் நான்கு கம்பு போதாது, கடல்காற்றுப் பக்கம் இன்னும் இரண்டு சேர்த்து ஆறாக வையுங்கள். இந்த முட்டு அடுத்த ஆடிவரை அப்படியே நிற்கட்டும். மார்கழியில் பந்தல்காலுக்கு என்று யாராவது கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

முதல் ஆறு மாதம்

நட்டு ஓரிரு நாளில் மட்டைக் கட்டை அவிழ்த்துவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் கட்டியபடியே வைத்தால் குருத்தழுகல் வர வாய்ப்பு உண்டு.

தண்ணீர், மணல் நிலத்தில் முதல் மாதம் தினமும் 50 லிட்டர். களியில் ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் விரல்விட்டுப் பார்த்து ஈரம் குறைந்திருந்தால் மட்டும். கழித்த மட்டைகளை நறுக்கி, தேங்காய் மட்டையோடு சேர்த்துப் பாத்தியில் மூடாக்குப் போடலாம். தண்டைத் தொடாமல் ஒரு அடி தள்ளிப் போடுங்கள்.

மரம் பிழைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விரியாத குருத்தையும் பக்கத்து மட்டையின் அடியையும் சேர்த்துக் குறுக்கே ஒரு பெயிண்ட் கோடு போடுங்கள். குருத்து வளர்ந்தால் அதிலுள்ள கோடு மேலே ஏறும். ஆறேழு வாரத்தில் கோடு விலகியிருந்தால் வேர் வேலை செய்கிறது. கீழ்மட்டைகள் பழுத்துத் தொங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குருத்துதான் பேச வேண்டும்.

காண்டாமிருக வண்டு களைத்த மரத்தைத் தேடி வரும். மூன்று நாப்தலீன் உருண்டைகளை நடுக்குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் வைத்து மணலால் மூடுங்கள். 45 நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். உயரம் குறைந்த மரத்தில் இது நாமே செய்யக்கூடிய வேலை.

உரம் ஆறு மாதம் கழித்து. முதலில் மட்கிய தொழுவுரமும் வேப்பம்பிண்ணாக்கும் போதும். வளர்ந்த மரத்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முழு அளவு வருடத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. இதை இரண்டாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்த அளவுக்கு இரண்டாம் வருடம் போகலாம். முதல் வருடம் பாளை வந்தால் வெட்டிவிடுங்கள். ஒன்றிரண்டு வருடம் காயை மறந்துவிடலாம்.

புயலில் சாய்ந்த மரம்

கஜாவுக்குப் பிறகு இந்தக் கேள்வி இங்கே எல்லா வீட்டிலும் இருக்கிறது. நடுத்தண்டில் முறிந்தது, தலை திருகியது இரண்டுக்கும் வழியில்லை. வேரோடு சாய்ந்து, ஒரு பக்க வேர் இன்னும் மண்ணைப் பிடித்திருந்தால் நிமிர்த்தலாம். இளமரமாக இருந்தால் நம்பிக்கை அதிகம்.

அன்றைக்கே கிரேன் கிடைக்காது. அதுவரை வெளியே தெரியும் வேரை ஈரச்சாக்கால் மூடி நனைத்துக்கொண்டே இருங்கள். மட்டையைக் கழித்து, வேருக்கு அடியில் உள்ள மண்ணைத் தோண்டி இடம் செய்து, பிறகு மெல்ல நிமிர்த்துங்கள். பள்ளம் எடுக்காமல் இழுத்தால் பிடித்திருக்கும் வேரும் போய்விடும். மற்றதெல்லாம் மேலே சொன்ன முட்டும் தண்ணீரும்தான்.

பனையும் அலங்காரப் பனைகளும்: எச்சரிக்கை

நம் மாநில மரமான பனையைத் தோண்டி மாற்ற முயல வேண்டாம். முளைக்கும்போதே அது குருத்தை ஆழமாக மண்ணுக்குள் இறக்கி, பல வருடம் பூமிக்குள்ளேயே அடித்தூரைப் பெருக்கி, அப்புறம்தான் தண்டை வெளியே காட்டும். ஆட்சியர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021-ல் தாக்கலான முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவிக்கப்பட்டது. பனை குறுக்கே நின்றால் வீட்டுத் திட்டத்தை மாற்றுங்கள். பனை வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஆவணி, புரட்டாசியில் பழக்கொட்டையை நேராக நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுங்கள். காசு செலவில்லை, காலம்தான் செலவு.

அலங்காரத்துக்காக ராயல் பாம், பிஸ்மார்க் பாம் போன்றவை ராஜமுந்திரி பக்கத்துக் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வருகின்றன. மரம் எவ்வளவு நாளாகத் தொட்டியில் அல்லது சாக்கில் இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். பிஸ்மார்க் பாம் மரத்துக்கு முன்கூட்டியே வேரறுத்து, வெட்டிய இடத்தில் புதுவேர் வந்த பிறகே தூக்க வேண்டும். நேற்றுத் தோண்டி இன்று ஏற்றிய மரம் உங்கள் வீட்டில் வந்துதான் சாகும்.

பியோனி: முடியுமா?

நாகையில் முடியாது. பியோனி குளிர்நாட்டுச் செடி. குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்து, மண்ணுக்குள் மொட்டு பல வாரம் 5 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் உறங்கி எழுந்தால்தான் பூக்கும். நமக்கு மார்கழி நடுஇரவிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். இந்தியாவில் இந்தக் குடும்பத்தின் காட்டுச் செடி ஒன்று காஷ்மீர், இமாச்சலம், உத்தரகண்ட் மலைகளில் இயற்கையாக வளர்கிறது. அந்த உயரமும் குளிரும்தான் அதற்கு வீடு. இணையத்தில் "எல்லாத் தட்பவெப்பத்துக்கும் ஏற்றது" என்று விற்கிற பியோனி விதையை வாங்க வேண்டாம். ஐஸ்கட்டி வைத்துப் பூக்கவைக்கலாம் என்கிற வீடியோவையும் நம்ப வேண்டாம்.

பிள்ளைகள் டொரொன்டோவில் இருந்தால் அவர்கள் தோட்டத்தில் தாராளமாக வளரும். பக்கத்து நகரமான ஓஷவாவில் ஜூன் மாதம் பியோனித் திருவிழாவே நடக்கிறது. அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: செப்டம்பர், அக்டோபரில் கிழங்கை நடுங்கள். நாளெல்லாம் வெயில் படும் இடம் வேண்டும். சிவப்புக் கண்கள் மண்ணுக்குக் கீழே இரண்டு அங்குலத்தைத் தாண்டக் கூடாது; தாண்டினால் இலை வரும், பூ வராது. மூன்று வருடம் பொறுங்கள். மொட்டில் எறும்பு ஊர்ந்தால் மருந்தடிக்காதீர்கள், அதனால் கெடுதல் இல்லை. ஒருமுறை பிடித்துவிட்டால் அரை நூற்றாண்டும் அதே இடத்தில் பூக்கும். அடிக்கடி இடம் மாற்றுவது அதற்குப் பிடிக்காது.

நம் கொல்லைக்கு எது?

அந்த அடுக்கு இதழ் அழகுதான் வேண்டுமென்றால் தொட்டித் தாமரையை வையுங்கள். அடியில் ஓட்டை இல்லாத, இரண்டடி அகலமுள்ள தொட்டி. அதில் 6 அங்குலம் வயல் களிமண். கிழங்கின் கூர்முனை ஒடியாமல், மேலே பார்க்கும்படி படுக்கவைத்து லேசாக மூடி, மேலே 4 அங்குலம் நல்ல தண்ணீர். ஆறு மணி நேர வெயில் கட்டாயம் என்பதால் தென்னை நிழலில் வைக்காதீர்கள். கொசுவுக்கு நாலு கப்பி மீன் போதும். தொட்டி, கிழங்கு, மீன் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்குள் முடியும். அடுக்குத் தாமரை ரகங்களும் நர்சரிகளில் கிடைக்கின்றன.

பூக்காரியிடம் விற்கிற அளவுக்குப் பூ வேண்டுமென்றால் முல்லை. வேதாரண்யம் பக்கம் கருப்பம்புலம், ஆதனூர் மணலில் ஊரே அதை வைத்துப் பிழைக்கிறது. பன்னீர் ரோஜாவும் வரும், வடிகால் மட்டும் வேண்டும். இடம் மாற்றிய தென்னையின் பாத்திக்குள் எதையும் முதல் வருடம் நட வேண்டாம். பூச்செடிக்காகக் கொத்துகிற மண்வெட்டி புதுவேரைத்தான் முதலில் வெட்டும்.

பியோனிக் கிழங்கு வாங்க எடுத்துவைத்த பணம் இருந்தால், இன்னும் நாலு நல்ல சவுக்குக் கம்பு வாங்கித் தென்னைக்கு முட்டுக் கொடுங்கள். வைகாசி முடிவதற்குள் கிரேன்காரரிடம் தேதி சொல்லிவையுங்கள்.